நூற்றேழு சென்டிமீட்டர் உயரத்தில்

ஜூன் 16, திங்கள்

செவலூரணி வந்து சேர்ந்தாயிற்று. ஊரில் தங்க இடமில்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு லாட்ஜ். குழாயில் வருவது தண்ணீரா துருவா என்று வாளி நிரம்பினால்தான் தெரியும்.

வேலை இதுதான்: சந்தியாகப்பர் கோவிலுக்கு 175 வயது. அடுத்த மாதம் 25-ஆம் தேதி திருவிழா. அதற்குள் கோவில் முழுவதையும் லேசர் ஸ்கேனரால் அளந்து, கணினியில் அச்சு அசலாக எழுப்பி, இணையத்தில் ஏற்ற வேண்டும். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கைப்பேசியைத் தடவிக்கொண்டே கோவிலுக்குள் நடக்கலாம். செலவு வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றுடையது. அளப்பது நான். வண்டியும் டிரோனும் இசக்கி அண்ணன்.

பங்குப் பேரவைச் செயலர் ஞானப்பிரகாசம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காபி கொடுத்தார், நாற்காலி கொடுத்தார், "அம்மாவுக்கு எந்த ஊரு?" என்றும் கேட்டார். மெட்ராஸ் என்றேன்.

இந்த வேலையை நான்தான் எங்கள் கம்பெனி முதலாளி ரகோத்தமன் சாரிடம் கேட்டு வாங்கினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. தென்பக்கம் வந்து நாளாயிற்று, அவ்வளவுதான்.

அம்மா போன் செய்தாள். "எங்கட்டி இருக்க?" நாகர்கோவில் பக்கம் என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மூன்று இடத்தில் முக்காலி வைப்பதற்குள் வௌவால் எச்சம் இரண்டு முறை தலையில். சீயக்காய் வாங்க வேண்டும்.

சிலுவை வடிவக் கோவில். வடக்கே பீடம், தெற்கே முன்வாசல், கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கைகள். கிழக்குக் கை திறந்தே இருக்கிறது. மேற்குக் கைக்கு மட்டும் வெளிவாசலில் பூட்டு.

"அது சாமான் ரூம்மா. அங்க ஒண்ணுமில்ல, குப்பைதான் கெடக்கு. விட்டுருங்க" என்றார் செயலர்.

"ஒப்பந்தத்துல 'கண்டது கண்டபடி, முழுக் கட்டடமும்'னு இருக்கு சார்."

"நான் அம்பது வருசமா பாக்கேன். அங்க அளக்கதுக்கு ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாத அறைக்கு இவ்வளவு பெரிய பூட்டு எதற்கு என்று வாய் வரைக்கும் வந்தது. முதல் நாளே வேண்டாம் என்று விழுங்கினேன். நாளைக்குச் சாவி தருவாராம்.

ஜூன் 18, புதன்

சாவி பதினோரு மணிக்கு வந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி, சப்பரத்தின் உடைந்த சக்கரம், புனல் ஸ்பீக்கர், போன வருடத்துக் குடில் பொம்மைகள். கோவிலுக்குள் போகும் பக்கத்தில் ஒரு சுவர். தூணுக்குத் தூண், ஒன்பதடி உயரம். மற்ற சுவரெல்லாம் சுண்ணாம்பும் முட்டையும் கலந்து பளிங்கு மாதிரி இருக்க, இது மட்டும் வெறும் செங்கலும் காரையும்.

சுவரின் நடுவில், கைக்கெட்டும் தாழ்வில், ஒரு ஒட்டு. எட்டணாக் காசு அகலத்துக்கு ஓட்டை இருந்து அடைத்திருக்கிறார்கள். கரணை கூட எடுக்காமல் எவனோ கையாலேயே பூசியிருக்கிறான். விரல் தடம் அப்படியே நிற்கிறது. வேலை தெரியாத ஆள்.

ஜூன் 19, வியாழன்

எரிச்சல். எரிச்சல். எரிச்சல்.

ஸ்கேனர் ஓரிடத்தில் நின்று தன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் அளக்கும். ஐம்பது இடத்தில் வைத்து அளந்து, பிறகு ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். நாங்கள் இதைத் தைப்பது என்போம். தைப்பதற்காக அங்கங்கே வெள்ளை உருண்டைகளை வைப்போம். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே உருண்டைகள் தெரிந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

கோவில் முழுக்க ஒட்டியது. மேற்குக் கை மட்டும் ஒட்டவில்லை. திரையில் தனியாக அந்தரத்தில் மிதக்கிறது. பீடத்தின் மேல் வைத்த உருண்டைகள் அங்கிருந்து ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

"உருண்டைய நகத்தினீங்களாண்ணே?"

"நான் தொடவேயில்ல. சத்தியமா சொல்லுதேன்."

"தொடாம எப்படிண்ணே காணாமப் போகும்? கால் முளைச்சுதா?"

கத்திவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் என்னோடு உட்காரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இசக்கி அண்ணன் தொடவில்லை. யாரும் தொடவில்லை.

காலையில் மேற்குக் கையில் முக்காலி நிறுத்திய இடத்தில் நானே நின்று பார்த்தேன். பீடம் தெரியாது. இடது ஓரம் போனாலும் தெரியாது, வலது ஓரம் போனாலும் தெரியாது. நாற்காலி மேல் ஏறி நின்றேன், அப்போதும் தெரியாது. அந்தக் கைக்குள் எந்த இடத்தில் நின்றாலும் பீடத்துக்கு நேர்கோடு கிடையாது. நான் இதை வரைபடத்தில் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். சுவர் என்று தெரிந்தது, மறைக்கும் என்று தோன்றவில்லை. இத்தனை வருட அனுபவம் எனக்கு!

ஒரே வழிதான். மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து, கிணற்றைச் சுற்றி, முன்வாசலுக்குப் போய், அங்கிருந்து உள்ளே வர வேண்டும். ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு அப்படியே எட்டு இடத்தில் வைத்து, வெயிலில் வெந்து, தைத்து முடித்தேன். ஒட்டிக்கொண்டது.

இசக்கி அண்ணனுக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "போட்டும் தங்கச்சி" என்றார். அப்புறம், "ஏன், அங்கன ஆள் இருந்திருப்பாவளோ? சாமானுக்கு எதுக்கு தனி வாசல்?" என்றார்.

அவருக்கு இன்னொரு பரோட்டா சொன்னேன்.

ஜூன் 21, சனி

செயலரிடம் நேராகவே கேட்டேன். அந்தச் சுவர் எப்போது, எதற்குக் கட்டினது?

"அந்தக் காலத்துல காலரா வந்துது. கூட்டத்தப் பிரிக்கதுக்கு ஒரு ஏற்பாடு."

"எந்தக் கூட்டத்த சார்?"

"கீழத்தெரு ஆளுக அந்தப் பக்கம் இருந்தாங்க. நீங்க தப்பா எடுக்கப்பிடாது. கீழன்னா கெழக்கு. கெழக்க இருக்க தெரு, கீழத்தெரு. திசைதான்மா."

பூசி மெழுகுவதில் மனிதர் டாக்டர் பட்டம் வாங்கலாம். நான் அளக்கிறவள். டிரோன் படத்தைத் திறந்து வடக்குக் குறியை வைத்துப் பார்த்தேன். கீழத்தெரு கோவிலுக்குத் தென்மேற்கே இருக்கிறது.

படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் கோவில் பெருக்கும் செபமாலை அக்கா, அறுபது வயதிருக்கும், பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்தாள்.

"ஏட்டி, நீ கொத்தனார் அந்தோணி பேத்தியா? பாக்கியம் மவளா? அதே நெத்தி."

இல்லை என்றேன். வேலைக்கு வந்த இடத்தில் குடும்பக் கதை எதற்கு?

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பின்வரிசையில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. தானாகக் கண்ணில் பட்டது.

அம்மா இருந்திருந்தால் தூணைத் தேடியிருப்பாள். பெரம்பூரில் எங்கள் பங்குக் கோவிலில் முன்வரிசை காலியாகக் கிடந்தாலும் இடதுபக்கம் மூன்றாவது தூணுக்குப் பின்னால்தான் போய் உட்காருவாள். பீடம் தெரியாது. "டிவியில பூசை பாத்தாலும் இதவிட நல்லாத் தெரியுமேம்மா" என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். போன வாரம்கூடப் போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

சென்னை. துணி மூன்று வாளி. கரண்ட் பில் கட்ட மறந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தச் சண்டை தனி.

மாடல் நன்றாக வந்திருக்கிறது. ஓட்டின் இடைவெளி தெரிகிறது, மணிக்கூண்டின் சாய்வு தெரிகிறது. அந்த ஒட்டுப் பூச்சையும் அளந்தேன். தரையிலிருந்து 107 சென்டிமீட்டர். சுவிட்சுக்குத் தாழ்வு, பிளக்குக்கு உயரம். எதற்கென்று புரியவில்லை.

ஜூலை 2, புதன்

செயலரிடமிருந்து மின்னஞ்சல். "மேற்குப் பக்கத் தடுப்பு பிற்கால இணைப்பு. கோவிலின் மூல அழகைக் கெடுக்கிறது. மாதிரியில் நீக்கித் தரவும்."

ரகோத்தமன் சார் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த செவுத்த எடுத்துடு லில்லி. ரெண்டு மணி நேர வேலை."

"மணிக்கூண்டு கூடத்தான் பிற்காலம் சார். அறுபது வருசம் கழிச்சுக் கட்டினது. அதையும் எடுத்துடவா?"

"வம்பு பண்ணாத. க்ளையன்ட் கேக்கறத குடுப்போம்."

"க்ளையன்ட் அறக்கட்டளை சார். அவங்க கேட்டது கண்டது கண்டபடி."

"உனக்கு ஏன் இவ்ளோ கோவம்? அது யாரோ ஊரு, யாரோ கோவில்."

"துல்லியம் சார். வேற ஒண்ணுமில்ல" என்றேன். வெளியே வரும்போது கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டேன். மத்தியானம் காபி சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

ஜூலை 4, வெள்ளி

முழு மாடலையும், சுவரோடு, காலை ஆறு மணிக்கு அறக்கட்டளைக்கு நேரடியாக ஏற்றிவிட்டேன். ஒப்பந்தப்படி அளவுக் கோப்பை அனுப்ப வேண்டியவள் நான்தான். "பெற்றுக்கொண்டோம், நன்றி" என்று பதில் வந்தபிறகு சாரிடம் சொன்னேன். அவர் கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டதாம். கேட்கட்டும்.

ஜூலை 5, சனி

வீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுக் குக்கரை இறக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா திரைக்கு முன்னால் நிற்கிறாள், கையில் பாதி உரித்த பூண்டு.

"இது செவலூரணியில்லா."

நான் மாட்டிக்கொண்டேன். ஆமாம் என்றேன். அம்மா தன் ஊர்ப் பெயரை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் ஞானஸ்நானச் சீட்டில் நான் படித்ததுதான், பத்தாம் வகுப்பில். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி உவரிக் கோவிலுக்கு இரண்டு முறை கூட்டிப் போயிருக்கிறாள். இங்கே மட்டும் போனதேயில்லை.

"நாவர்கோயில்னு எதுக்குப் பொய் சொன்ன?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அவள் திட்டவில்லை. உட்கார்ந்தாள். திரையில் மேற்குக் கை இருந்தது. விரலை நீட்டி ஒட்டுப் பூச்சைத் தொட்டாள்.

"இது இன்னும் இருக்கா?"

"என்னம்மா அது?"

"நான் தோண்டினது."

ஏழு வயதாம். எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கும்போது, பாதர் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது, கீழத்தெருக்காரர்கள் இந்தப் பக்கம் முட்டி போட்டுச் சுவரைப் பார்த்துக் கும்பிட வேண்டும். மணிச் சத்தம் மட்டும் கேட்கும். அம்மா ஒரு ஆணியை மடியில் ஒளித்துக் கொண்டுவந்து, பூசை நேரத்தில் எல்லோரும் பாட்டுப் படிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பீடத்துப் பக்கம் சாய்வாகத் தோண்டியிருக்கிறாள். நாலு ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாம் வாரம் வெளிச்சம் வந்தது. எழுந்து நின்றால் ஓட்டை சரியாக அவள் கண்ணுக்கு நேரே.

"என்னம்மா தெரிஞ்சுது?"

"ரெண்டு கை. அதுக்கு மேல வெள்ளையா ஒண்ணு. அவ்வளவுதான். ஒரு தடவதான் பாத்தேன்."

ஆறாம் வாரம் உபதேசியார் பிடித்துவிட்டார். அம்மாவை அடிக்கவில்லை. தாத்தாவை வரச் சொன்னார்கள். ஊரிலேயே பேர்போன கொத்தனார், மேலத்தெருவில் பாதி வீடு அவர் கட்டினது. பூசை முடிந்து எல்லோரும் பார்க்க, அவரையே அந்த ஓட்டையை அடைக்க வைத்திருக்கிறார்கள். கரணை கேட்டாராம். "உன் கை என்ன அழுகியா போச்சு?" என்று சொன்னார்களாம். அடுத்த மாதம் குடும்பத்தோடு மெட்ராஸுக்கு ரயிலேறிவிட்டார்கள்.

அம்மா பூண்டை உரித்து முடித்தாள். குழம்பு வைத்தாள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன்.

வேலை தெரியாத ஆள் என்று ஜூன் 18-இல் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும், எனக்கு வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

எவனையாவது அடிக்க வேண்டும் போலிருக்கிறது. இன்றைக்கு எழுத வேறொன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

இசக்கி அண்ணன் வாட்சப்பில் படம் அனுப்பினார். சுவரை இடித்துவிட்டார்கள். கொடியேற்றத்துக்கு முன்னால் கோவிலை "விசாலப்படுத்துகிறார்களாம்". செங்கல்லைப் பாதையில் கொட்டிச் சமன்படுத்தியாயிற்று. மேற்குக் கையில் புதுச் சுண்ணாம்பு, புது மின்விசிறி.

இடிக்க வேண்டிய சுவர்தான். ஐம்பது வருடம் முன்னால் இடித்திருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். இப்போது இடித்தது யாரும் உள்ளே வருவதற்காக இல்லை. இருந்ததே தெரியக் கூடாது என்பதற்காக. இனி அந்தச் சுவர் என் மாடலில் மட்டும்தான் நிற்கிறது.

ஜூலை 14, திங்கள்

சார் சமாதானமாகப் பேசினார். அறக்கட்டளை கோப்பை ஏற்றுக்கொண்டதால் சுவரை எடுக்க முடியாது, சரி. ஆனால் மாடலில் எதைத் தொட்டாலும் அதன் பெயர் வருமே, அதில் செயலர் சொன்னபடி "சாமான் அறைச் சுவர்" என்று போட வேண்டும்.

"போட மாட்டேன்."

"பின்ன என்ன போடுவ? சண்டைக்குப் போற மாதிரி எதையாவது எழுதி வெச்சே, இதான் உனக்கு இங்க கடைசி வேலை."

"எதுவுமே எழுதல சார். பேரே வேண்டாம்."

அவருக்கு நிம்மதி. பெயர்ப் பட்டியலை வரி வரியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். பட்டியலைத் தவிர வேறு எதையும் திறந்து பார்க்கவில்லை.

மாடலைத் திறந்தால் பார்ப்பவர் முதலில் எங்கே நிற்பார் என்று ஓரிடம் குறிக்க வேண்டும். வழக்கமாக முன்வாசலில் குறிப்போம். கண் உயரமும் கொடுக்க வேண்டும், வழக்கமாக 160. சுவரைத் துளைத்துக்கொண்டு போகாதபடி தடையும் போடுவோம்.

குறித்தேன். கொடுத்தேன். போட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

திருவிழா. அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் வரல. அங்க நான் ஒண்ணும் வெச்சிட்டு வரல" என்றாள். நான் மட்டும் வந்தேன்.

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பக்கத்தில் ஆளுயரத் திரை. கோவில் கொள்ளாத கூட்டம். செயலர் ஞானப்பிரகாசம் பட்டு வேட்டியில் மைக்கைப் பிடித்து, "நம் முன்னோர் கட்டிய ஆலயத்தை இனி உலகமே தரிசிக்கும்" என்று பேசிவிட்டு, கைக்கருவியை வாங்கிப் பொத்தானை அழுத்தினார்.

திரை முழுக்கச் சுவர். செங்கல், காரை, நட்டநடுவில் கையால் பூசிய ஒட்டு. விரல் தடம் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்குத் தெரிந்தது.

பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். செபமாலை அக்கா குரல்.

செயலர் முன்னால் போகும் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். சுவர் கொஞ்சம் பெரிதாகி நின்றது. மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"ஏம்மா, முன்னாடி போவ மாட்டேங்குதே?"

"அங்கேருந்து முன்னாடி போக முடியாது சார்."

"ரிப்பேரா?"

"இல்ல சார். சரியாத்தான் இருக்கு."

"பீடத்தக் காட்டும்மா. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்கல்லா?"

"அங்கேருந்து பீடம் தெரியாது சார். பின்னாடி திரும்பி, மேற்கு வாசல் வழியா வெளிய போங்க. கிணத்தச் சுத்துங்க. முன்வாசலுக்கு வந்து, அப்புறம் உள்ள வாங்க. நானும் அப்படித்தான் தைச்சேன்."

நான் அவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் மைக்கில் கணீரென்று கேட்டது.

அவர் திரும்பினார். வேறென்ன செய்வார், அத்தனை பேர் பார்க்கிறார்கள். நாற்காலிகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறி, கதவைத் தாண்டி, கிணற்றில் ஒரு தடவை முட்டி, போய்க்கொண்டே இருந்தார். கண் உயரம் நூற்றேழு. எல்லாமே பெரிதாகத் தெரிந்தது, கிணற்றுச் சுவர்கூட. நாலு நிமிடம் ஆயிற்று.

முன்வாசல் வந்ததும் கைக்கருவியை என்னிடம் நீட்டினார். "நீயே கொண்டு போம்மா" என்றார். முகம் வெளிறியிருந்தது.

நான் வாங்கவில்லை. "நீங்க போங்க சார். உங்களுக்குத்தான் தொறந்திருக்கு."

வெளியே வந்தபோது கைப்பேசியில் ரகோத்தமன் சாரின் பதினொரு தவறிய அழைப்புகள். செபமாலை அக்கா கிணற்றடியில் நின்றிருந்தாள்.

"அக்கா, நான் பாக்கியம் மவதான்."

"தெரியும்ட்டி. போ, சாப்பிட்டுட்டுப் போ."

ஜூலை 27, ஞாயிறு

வேலை போய்விட்டது. திங்கட்கிழமை அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அறக்கட்டளை முதல் காட்சியை மாற்ற மறுத்துவிட்டதாக இசக்கி அண்ணன் சொன்னார். எண்ணூறு பேர் திறந்து பார்த்திருக்கிறார்களாம்.

காலையில் பூசைக்கு அம்மாவோடு போனேன். அவள் முன்வரிசையில் போய் உட்காருவாள் என்று நான் மனசுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போல, அவள் நேராக மூன்றாவது தூணுக்குப் போனபோது அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவள் மேல் இல்லை.

சண்டை போடவில்லை. பக்கத்தில் போய் முட்டி போட்டேன். எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது. தூண்தான் தெரிந்தது.